ட்ரெய்லர் பிரேக் பிடிக்கவில்லையா? எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதிக்கிறீர்கள். பிக்கப் நிற்கப் பார்க்கிறது. பின்னால் வரும் 6,000 பவுண்டு ட்ரெய்லர் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. ட்ரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலரில் கெயினை, அதாவது அனுப்பும் பலத்தை, 5, 7, 9 என்று ஏற்றிப் பார்த்தும் மாற்றமில்லை. பலர் இந்தக் கட்டத்தில் புதுக் கன்ட்ரோலருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அது டாஷ்போர்டுக்குக் கீழே கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, மாற்ற அரைமணி போதும், மண்ணில் படுக்க வேண்டியதில்லை. பழுது மட்டும் அங்கே இருப்பது அபூர்வம்.

உண்மையில் கையில் இருக்கும் வழிகள் ஐந்து: பிரேக் ஷூவை (டிரம் என்னும் சக்கர உருளையின் உள்ளே அழுந்திப் பிடிக்கும் வளைந்த தகடு) இறுக்கிச் சரிசெய்வது, ஒயரைப் புதுப்பிப்பது, டிரம்மைத் திறந்து காந்தத்தையோ ஷூவையோ முழுத் தொகுதியையோ மாற்றுவது, கன்ட்ரோலரை மாற்றுவது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்குப் போவது. செலவு ஒன்றுமில்லாததில் தொடங்கி ஆயிரக்கணக்கான டாலர் வரை போகிறது. கீழே வரும் எண்கள் அமெரிக்க, கனடியச் சாலைகளில் சாதாரணமாகக் காணும் ஓர் அமைப்புக்கு: அரை டன் பிக்கப், 3,500 பவுண்டு அச்சு இரண்டு உள்ள ட்ராவல் ட்ரெய்லர், நான்கு சக்கரத்திலும் 10 அங்குல மின் டிரம் பிரேக்.

ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. டிரம்முக்குள் இருக்கும் மின்காந்தம் நேராகச் சக்கரத்தை நிறுத்துவதில்லை. பிரேக்குக்கான நீல ஒயரில் மின்சாரம் வந்ததும் காந்தம் சுழலும் டிரம்மின் உள்முகத்தை ஒட்டிப் பிடிக்கிறது. டிரம் அதைச் சற்று இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பில் நெம்புகோல் திரும்பி ஷூவை டிரம்மின் மீது அழுத்துகிறது. அதனால் மின்சாரம் முழுதாக வந்தும் ஷூ டிரம்மிலிருந்து விலகி இருந்தால் நெம்புகோல் தன் தூரமெல்லாம் போயும் அழுத்தம் பிறக்காது. ஷூ சரியாக இருந்து மின்சாரம் இளைத்திருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரிவது அதே குறைதான். இரண்டையும் பிரித்தறியாமல் காசு போடக் கூடாது.

முதலில் ஒரு சோதனை

இதற்குத் தேவையானது டிசி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர். ஏசி மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் இங்கே சுழியத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். சாதாரண மல்டிமீட்டரை நடுவில் கோத்து அளக்கவும் வேண்டாம். அதன் 10 ஆம்பியர் பியூஸ் நான்கு பிரேக்குக்குத் தாங்காது.

ட்ரெய்லர் பிளக்கைப் பிக்கப்பிலிருந்து கழற்றுங்கள். கழற்றாமல் செய்தால் மின்சாரம் கன்ட்ரோலருக்குள் திரும்பப் பாய்ந்து அதையே கெடுக்கக்கூடும். உள்ளே ஓடும் ஹீட்டர், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ட்ரெய்லரின் பேட்டரியிலிருந்து பிரேக்அவே சுவிட்சுக்கு (ட்ரெய்லர் அறுந்து பிரிந்தால் பிரேக்கைத் தானாகப் போடும் சுவிட்ச்) போகும் ஒயரில் கிளாம்பை மாட்டுங்கள். சுவிட்சின் முள்ளை உருவினால் பேட்டரி நேராக நான்கு காந்தங்களுக்கும் பாயும். ஐந்து விநாடியில் எண்ணைப் பார்த்துவிட்டு முள்ளைத் திரும்பச் சொருகுங்கள். நேரம் கூடினால் சுருள் சூடேறி மின்தடை கூடும், எண் பொய்யாகும்.

10 அங்குல, 12 அங்குலப் பிரேக்கின் காந்தம் ஒவ்வொன்றுக்கும் மின்தடை சுமார் 3.2 ஓம், சிறிய 7 அங்குலப் பிரேக்குக்கு 3.9 ஓம். நான்கும் இணையாகச் சேரும்போது 0.8 ஓம். நல்ல பேட்டரியும் 12 கேஜ் ஒயரும் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்) இருந்தால் மீட்டர் 12 முதல் 14 ஆம்பியர் வரை காட்ட வேண்டும். 10 அல்லது 11 என்றால் ஒரு காந்தம் செத்திருக்கலாம். 7-ஐ ஒட்டி நின்றால் இரண்டு போயிருக்கும்; பெரும்பாலும் ஓர் அச்சு முழுவதற்கும் ஒயர் அறுந்திருக்கும். 20-ஐத் தாண்டினால் எங்கோ ஒயர் இரும்பில் உரசி ஷார்ட் ஆகிறது. எண்ணே வரவில்லையென்றால் முதலில் பேட்டரியையும் சுவிட்சையும் சந்தேகியுங்கள். வணிக வண்டிகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி விதி, ட்ரெய்லர் அறுந்து பிரிந்தால் பிரேக் தானாகப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும் என்கிறது. சொந்த ட்ரெய்லருக்கும் அதுவே நல்ல அளவுகோல். ஆனால் இந்தச் சுவிட்சைப் பார்க்கிங் பிரேக்காக வைத்துக்கொள்கிறவர்கள் காந்தத்தையும் பேட்டரியையும் ஒருசேரத் தின்கிறார்கள்.

இதே அளவைப் பிக்கப்பைக் கோத்து, கன்ட்ரோலரின் கை நெம்பை முழுதும் அழுத்தி எடுக்கலாம் என்று தோன்றும். கவனமாக எடுங்கள். கன்ட்ரோலர் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவதால் மலிவு மீட்டர் தடுமாறும். அதோடு, தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் கன்ட்ரோலர்கள் பல, வண்டி நிற்கும்போது வேண்டுமென்றே குறைவாக அனுப்பும். நின்ற வண்டியில் 4 வோல்ட் காட்டியது என்று நல்ல கன்ட்ரோலரைக் குற்றவாளி ஆக்குவது இப்படித்தான்.

சோதனை சொல்வது இதுதான்: ஆம்பியர் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் குறை டிரம்முக்குள். ஆம்பியர் குறைவென்றால் ஒயர் அல்லது காந்தம். பேட்டரியில் நன்றாகப் பிடித்து, பிக்கப்பில் மாட்டினால் மட்டும் பிடிக்கவில்லையென்றால் பிளக், பிக்கப்பின் ஒயர், கன்ட்ரோலர், இந்த வரிசையில்.

காசில்லாத வழி: இறுக்கிச் சரிசெய்வது

ஆம்பியர் சரியாக இருந்தால் டிரம்மைத் திறக்கும் முன் இதைச் செய்தாக வேண்டும். டெக்ஸ்டர் அச்சுகளின் கையேடு முதல் 200 மைலிலும் பிறகு ஒவ்வொரு 3,000 மைலிலும் சரிசெய்யச் சொல்கிறது. ட்ரெய்லர் வாங்கி நான்கு வருடமாகியும் ஒருமுறைகூட இது நடக்காத வண்டிகள் ஏராளம்.

ஜாக்கியைச் சட்டத்துக்குக் கீழே வையுங்கள். அச்சுக் குழாயின் நடுவில் வைத்தால் அச்சு வளையும். பிரேக் தட்டின் பின்புறம், அடியில் ரப்பர் மூடி போட்ட நீள்துளை இருக்கும். அதன் வழியே பிரேக் ஸ்பூனை விட்டு நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, ட்ரெய்லர் சக்கரத்தைக் கையால் சுற்றவே முடியாத அளவுக்கு இறுக்குங்கள். பிறகு எதிர்ப்பக்கம் தளர்த்துங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் ஷூ மெல்ல உரசும் ஒலி கேட்க வேண்டும். சக்கரத்தை எப்போதும் முன்னோக்கியே சுற்றிப் பாருங்கள்.

தானாகச் சரிசெய்துகொள்ளும் வகைப் பிரேக் இருந்தால் இது தேவையில்லை என்று நினைப்பது பாதி உண்மை. அது முன்னோக்கிப் போகையில் அழுத்தமாகப் பிடிக்கும்போதுதான் தன்னை இறுக்கிக்கொள்ளும். தொடக்கத்திலேயே மிகத் தளர்வாக இருந்தால் அந்த அழுத்தமே பிறக்காது. முதல்முறை கையால் இறுக்கிக் கொடுத்துவிட வேண்டும். அந்த வகையில் தளர்த்தும்போது மெல்லிய திருப்புளியால் உள்ளே இருக்கும் தடுப்பு நெம்பைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளாவிட்டால் நட்சத்திரச் சக்கரம் திரும்பாது. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பல் தேயும்.

நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். நட்சத்திரச் சக்கரத்தைக் கடைசிவரை திருப்பியும் ஷூ டிரம்மைத் தொடவில்லையென்றால் லைனிங் (ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை) தேய்ந்து முடிந்துவிட்டது. திறந்துதான் ஆக வேண்டும்.

ஒயர்: மலிவு, ஆனால் பொறுமை வேண்டும்

ஆம்பியர் குறைவாகவோ ஏறி இறங்கியோ வந்தால் காந்தத்தின் மேல் பழிபோடும் முன் ஒயரைப் பாருங்கள். கணக்கு எளிது. 30 அடி ட்ரெய்லரில் மின்சாரம் போக 30, வர 30 என்று 60 அடி ஓடுகிறது. 16 கேஜ் ஒயர் போட்டிருந்தால் வழியிலேயே கிட்டத்தட்ட 3 வோல்ட் தொலைந்து காந்தத்துக்கு 10 வோல்ட்டுக்கும் குறைவாகப் போய்ச் சேரும். 12 கேஜில் இழப்பு சுமார் 1.3 வோல்ட், 10 கேஜில் 0.9. பழைய மெல்லிய ஒயரை 10 கேஜுக்கு மாற்றினால் ஒவ்வொரு காந்தத்துக்கும் 3 ஆம்பியருக்குப் பதில் மூன்றரைக்கு மேல் கிடைக்கும். ஒரு சுருள் ஒயரின் விலையில் இது பெரிய லாபம்.

கெடுவதில் முதலிடம் எர்த் இணைப்புக்கு. வெள்ளை ஒயர் சட்டத்தில் திருகிய இடம் துருப்பிடிக்கும். மிச்சிகன், ஒன்டாரியோ போல் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் இடங்களில் சீக்கிரமே. மின்சாரம் கொக்கியின் பந்து வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும். மேடு பள்ளத்தில் பிரேக் வந்து வந்து போகும். உலோகம் பளிச்சென்று தெரியுமளவு தேய்த்து, புது வளைய முனை போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

அடுத்தது அச்சுக் குழாய்க்குள் ஓடும் ஒயர். உற்பத்தியாளர்கள் பலர் ஒரு பக்கக் காந்தத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒயரைக் குழாயின் உள்ளே விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தில் அது துளையின் விளிம்பில் ஆடி ஆடித் தோல் உரியும். நின்றால் சரி, ஓடினால் ஷார்ட் என்ற பேய்ப் பழுது பெரும்பாலும் இதுதான். உள்ளே இழுத்துப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய ஒயரை இரு முனையிலும் வெட்டிவிட்டு, புதிய 12 கேஜ் இரட்டை ஒயரைக் குழாயின் வெளிப்புறம் பாதுகாப்புக் குழாயோடு கட்டிவிடுங்கள்.

இணைப்புகளுக்கு நீல நிறப் பிளாஸ்டிக் கிள்ளுமுனைகளோ முறுக்கு மூடிகளோ போடாதீர்கள். சூட்டில் சுருங்கி உள்ளே பசை உருகி மூடும் வகை முனைகள் நீரைத் தடுக்கும். காந்தத்தின் இரண்டு ஒயரும் ஒரே நிறத்தில் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். எது நீலத்துக்குப் போனாலும் எது வெள்ளைக்குப் போனாலும் வேலை ஒன்றே.

டிரம்மைத் திறந்தால்: காந்தமா, ஷூவா, முழுத் தொகுதியா

உண்மையான தீர்மானம் எடுக்க வேண்டிய இடம் இதுதான்.

காந்தம் மட்டும் மாற்றுவது எப்போது சரி? ஷூவில் லைனிங் நன்றாக இருக்க வேண்டும். 1/16 அங்குலத்துக்கு வந்துவிட்டால் அது முடிந்த கதை. டிரம்மின் உள்முகம், அதாவது காந்தம் ஒட்டும் முகம், வழவழப்பாக இருக்க வேண்டும். கிரீஸ் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்து, ஓம் மீட்டரில் ஒரு காந்தம் 3.2-ஐ விட்டு வெகுவாக விலகினாலோ, ஒயருக்கும் காந்தத்தின் உலோக உடலுக்கும் நடுவே மின்தொடர்பு காட்டினாலோ, முகம் தேய்ந்து செம்புச் சுருள் வெளியே தெரிந்தாலோ காந்தத்தை மாற்றலாம். காந்தத்தின் முகத்தில் நேரான தகட்டை வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் தேய்மானம் சமமாக இல்லை என்று பொருள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் நெம்புகோலின் அச்சு ஆடுகிறது. புதுக் காந்தமும் அதே போல்தான் தேயும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. புதியதும் பழையதும் வெவ்வேறு பலத்தில் பிடித்து, ஈரச் சாலையில் ட்ரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும். ஓர் அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஷூ மட்டும் மாற்றுவது மூன்றிலும் மோசமான பேரம். ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டும் வேலை அதிகம். பழைய ஸ்பிரிங்கும் துருப்பிடித்த நட்சத்திரச் சக்கரமும் அப்படியே இருந்துவிடும். மிச்சமாகும் காசும் பெரிதல்ல.

முழுத் தொகுதி என்பது தட்டு, இரண்டு ஷூ, ஸ்பிரிங், நட்சத்திரச் சக்கரம், நெம்புகோல், காந்தம் எல்லாம் கோத்துப் பெட்டியில் வருவது. 3,500 பவுண்டு அச்சுக்கான 10 அங்குல வகை பெரும்பாலும் நான்கு போல்ட். 5,200 முதல் 7,000 பவுண்டு வரையான அச்சுக்கு வரும் 12 அங்குல வகை ஐந்து போல்ட். போல்ட்டைக் கழற்றி, இரண்டு ஒயரை வெட்டி, புதியதை மாட்ட வேண்டியதுதான். காந்தமும் ஷூவும் தனித்தனியாக வாங்கும் விலையைக் கூட்டினால் முழுத் தொகுதியின் விலை பக்கத்தில் வந்து நிற்கும். பல சமயம் அதையும் தாண்டும். டிரம்மைக் கழற்றும் சிரமம் மூன்றுக்கும் ஒன்றே. ஆகவே எங்கள் தீர்ப்பு: ட்ரெய்லருக்கு ஐந்தாறு வயது ஆகி, திறக்க வேண்டியதும் வந்துவிட்டால், ஏதாவது இரண்டு உறுப்பு சந்தேகத்துக்கு இடமாக இருந்தாலே முழுத் தொகுதிக்குப் போய்விடுங்கள். இரண்டு வயது ட்ரெய்லரில் ஒரு காந்தம் மட்டும் செத்திருந்தால் காந்த ஜோடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிரீஸ் விஷயத்தில் பேரமே கிடையாது. அச்சு முனையில் கிரீஸ் கன் மாட்டும் வசதியுள்ள வண்டிகளில், சக்கரத்தைச் சுற்றாமல் வேகமாக அடைத்தால் ஆயில் சீல் பிதுங்கி, கிரீஸ் முழுக்க ஷூவில் போய் அமரும். பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்தால் மேலே சுத்தமாகத் தெரியும். லைனிங்குக்குள் ஊறியது முதல் சூட்டிலேயே வெளியே வரும். அந்த ஷூ குப்பைக்குத்தான்.

டிரம்மையும் அளந்துவிடுங்கள். 10 அங்குல டிரம்மைக் கடைந்து 10.090 அங்குலம் வரை கொண்டுபோகலாம். 12 அங்குலத்துக்கு 12.090. காந்தம் ஒட்டும் முகம் சமமின்றித் தேய்ந்தோ வரி விழுந்தோ இருந்தால் அதையும் கடைய வேண்டும், ஆனால் 0.030 அங்குலத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் அந்த வரிகள் அரம்போல் புதுக் காந்தத்தைத் தின்றுவிடும். கடைசல் கூலியும் அலைச்சலும் கூட்டினால் புது டிரம்மே மேல் என்று பல ஊர்களில் கணக்கு முடியும்.

வாங்கும்போது இடது, வலது பார்த்து வாங்குங்கள். குட்டை லைனிங் உள்ள ஷூ ட்ரெய்லரின் முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். மாறிப்போனாலும் மாட்டும்போது எல்லாம் பொருந்தும், மீட்டரிலும் சரியாகக் காட்டும், பிடிப்பு மட்டும் இருக்காது.

திரும்ப மூடும்போது ஆயில் சீலும் காட்டர் பின்னும் (அச்சு நட்டைப் பூட்டும் பின்) புதியவையாக இருக்க வேண்டும். டிரம்மைச் சுற்றிக்கொண்டே அச்சு நட்டை 50 அடி-பவுண்டு வரை இறுக்கி, பிறகு டிரம்மைச் சுற்றாமல் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கிப் பின்னைப் போடுங்கள். துளை சேரவில்லையென்றால் அடுத்த துளைக்குத் தளர்த்துங்கள், இறுக்கக் கூடாது. அரை அங்குலச் சக்கர நட்டு 90 முதல் 120 அடி-பவுண்டு. 10, 25, 50 மைலில் நிறுத்தித் திரும்பப் பாருங்கள்.

கன்ட்ரோலர்: கடைசிச் சந்தேகம்

டெகோன்ஷா பிராடிஜி போன்ற கன்ட்ரோலர் திரையில் ஷார்ட், ஓவர்லோடு என்று காட்டினால் அது பெரும்பாலும் ஒயரைப் பற்றிய புகார். தன் உடல்நிலையைச் சொல்லவில்லை. ட்ரெய்லர் இணைக்கப்படவில்லை என்று பிக்கப்பின் திரை ஓடும்போது அடிக்கடி சொன்னால் முதலில் ஏழு முனைப் பிளக்கில் பச்சை பூத்த தகடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

நேரடியாகச் சோதிக்க, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, பிக்கப் பிளக்கின் பிரேக் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 55 வாட் முன்விளக்குப் பல்பைக் கோத்து, கை நெம்பை மெல்ல அழுத்துங்கள். வெளிச்சம் படிப்படியாக ஏறினால் கன்ட்ரோலர் நலம். தொழிற்சாலைக் கன்ட்ரோலர் சில பல்பை ட்ரெய்லராக ஏற்காமல் மின்சாரமே அனுப்பாது. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நியாயமாக மாற்ற வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. இப்போது இருப்பது நேரத்தை மட்டும் வைத்து ஏற்றும் பழைய வகையாக இருந்தால், அது நீங்கள் மெல்ல மிதித்தாலும் அவசரத்தில் மிதித்தாலும் ஒரே வேகத்தில்தான் ஏறும். வண்டி எவ்வளவு வேகம் இழக்கிறது என்று உணர்ந்து அதற்கேற்ப அனுப்பும் வகை மேல். தொழிற்சாலையிலேயே வருவது அதைவிடவும் மேல். பிரேக் எண்ணெயின் அழுத்தத்தையே படிக்கிறது. ஃபோர்டு 2005-இல் சூப்பர் டியூட்டியில் இதைக் கொண்டுவந்தது. உங்கள் பிக்கப்பில் அது ஏற்கெனவே இருந்தால், தனிக் கன்ட்ரோலருக்குக் காசு போடுவதில் பொருளில்லை.

டிஸ்க்: யாருக்கு

மின் சமிக்ஞையை வாங்கி ஹைட்ராலிக் அழுத்தமாக மாற்றும் பம்பும் நான்கு சக்கரத்துக்கு டிஸ்க்கும் போட்டால் பிடிப்பு கார் பிரேக்கைப் போலவே இருக்கும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடிப்பை இழப்பது போல் டிஸ்க் எளிதில் இழக்காது. கொலராடோவில் 11,000 அடி உயர ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து டென்வருக்கு அடிக்கடி 12,000 பவுண்டு இறக்குகிறவருக்கு இது ஆடம்பரமல்ல. பம்ப் டிஸ்க்குக்கான 1,600 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வகையா என்று பாருங்கள். 1,000 பிஎஸ்ஐ வகை டிரம்முக்கு. கன்ட்ரோலரிலும் ஹைட்ராலிக் அமைவு இருக்க வேண்டும். சமவெளியில் வருடத்துக்கு நாலு முறை முகாமுக்குப் போகும் 6,000 பவுண்டு ட்ரெய்லருக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும் புது ஷூ முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. காலியான சாலையில் 40 மைல் வேகத்தில் போய், கை நெம்பால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டு 20-க்கு இறக்குங்கள். இடையில் ஆறவிட்டு 20 முதல் 30 முறை. அதன் பிறகுதான் கெயின். உலர்ந்த சமதளத்தில் 25 மைல் வேகத்தில் கை நெம்பை முழுதும் அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும்போது வைத்த எண் காலியாகத் திரும்பும்போது அதிகமாகிவிடும். டயர் கீச்சிட்டால் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள்.